அத்தியாயம் 6: நாமினேஷன் கேட்கும் ஆண்டு

வெஸ்ட் பாயிண்டுக்கோ அனாபொலிஸுக்கோ போக விரும்பும் பிள்ளை, மற்றக் கல்லூரிகளுக்குச் செய்வதுபோல ஒரே ஒரு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது. அகாடமிக்கு ஒரு விண்ணப்பம் போக வேண்டும். அது தவிர, பிள்ளையின் பெயரை அகாடமிக்கு முன்மொழியச் சட்டப்படி உரிமை உள்ள ஒருவரிடம் தனியாக இன்னொரு விண்ணப்பம் போக வேண்டும். அவர் முன்மொழிவதைத்தான் நாமினேஷன் என்கிறார்கள். மதிப்பெண்ணும் உடல்வலுவும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், நாமினேஷன் இல்லாத பிள்ளைக்கு அகாடமி இடம் தர முடியாது. அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த விவரம் எட்டுவதே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய பிறகுதான். அதற்குள் சில அலுவலகங்களில் கடைசித் தேதி கடந்தே போயிருக்கும்.

அமெரிக்க அரசு நடத்தும் படை அகாடமிகள் ஐந்து. தரைப்படைக்கு நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட், கடற்படைக்கு மேரிலாந்தின் அனாபொலிஸ், விமானப்படைக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ், வணிகக் கப்பல் துறைக்கு நியூயார்க்கின் கிங்ஸ் பாயிண்ட், கடலோரக் காவல் படைக்குக் கனெக்டிகட்டின் நியூ லண்டன். இவற்றில் நியூ லண்டனுக்கு மட்டும் நாமினேஷன் வேண்டாம், நேரடியாக விண்ணப்பிக்கலாம். மற்ற நான்குக்கும் கட்டாயம். கடல்மேல் ஆசை இருந்து நாமினேஷன் கிடைக்காமல் போகும் பிள்ளைகளுக்கு நியூ லண்டன் நல்ல வழி. நம்மவர்கள் அதை அதிகம் எண்ணிப்பார்ப்பதில்லை.

இந்த வழியில் போன இந்திய வம்சாவளியினர் உண்டு. விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் 1987-ல் அனாபொலிஸில் பட்டம் பெற்றவர். ராஜா சாரி 1999-ல் விமானப்படை அகாடமியில் பட்டம் பெற்றவர். உங்கள் பெண்ணோ பையனோ இந்த ஆசையைச் சொல்லும்போது "நமக்கெல்லாம் அது சரிப்படுமா?" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள்.

இது சிபாரிசா?

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பெயர் சொன்னால்தான் இடம் என்று கேட்டதும், தமிழ்நாட்டில் வளர்ந்த பெற்றோருக்கு மனத்தில் ஓடுவது சிபாரிசுக் கடிதம்தான். யாரைப் பிடிப்பது, எந்தக் கட்சிக்காரர், தேர்தல் நிதி கொடுத்த நண்பர் யாராவது உண்டா என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். நாமினேஷன் ஒரு போட்டி. உறுப்பினரின் அலுவலகம் விண்ணப்பங்களை வாங்கி, பெரும்பாலும் ஒரு குழுவை அமர்த்தி நேர்காணல் நடத்தி, தகுதி பார்த்துப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறது. நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்பதோ, வாக்களிக்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதோகூடக் கணக்கில் வராது. செல்வாக்குள்ளவரைத் தொலைபேசியில் பேசவைத்தால், குழுவில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் அதைப் பிள்ளையின் குறையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஏற்பாட்டின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. வெஸ்ட் பாயிண்ட் இடங்களைத் தொகுதிவாரியாகப் பிரிப்பது 1843-ல் சட்டமாயிற்று. அதிகாரிகள் ஒரே வட்டாரத்திலிருந்தும் ஒரே மேல்தட்டிலிருந்தும் வராமல் நாடெங்கும் இருந்து வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹென்றி ஃபிலிப்பர், தன் தொகுதி உறுப்பினர் ஜேம்ஸ் ஃப்ரீமனுக்குத் தானே கடிதம் எழுதி நாமினேஷன் கேட்டார். 1877-ல் வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பின்னாளில் அதிபரான ஐசனோவர் 1910-ல் கான்சாஸ் செனட்டர் பிரிஸ்டோவிடம் கேட்டபோது, ஊர்ப் பெரியவர்களிடமிருந்தும் கடிதங்கள் போயின. செனட்டரோ விண்ணப்பித்தவர்களுக்குத் தேர்வு வைத்தார்; அந்தத் தேர்வில் நன்றாக எழுதியதால்தான் ஐசனோவருக்கு இடம் வந்தது. இந்த இரண்டு பேரும் தாங்களாகவே கேட்டவர்கள். இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதுதான்: கேட்க வேண்டியது பிள்ளை.

யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று கதவுகள் நிச்சயம் உண்டு: உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள். நான்காவது, நாட்டின் துணை அதிபர். அவர் வெஸ்ட் பாயிண்ட், அனாபொலிஸ், விமானப்படை அகாடமி மூன்றுக்கும் நாடு முழுவதிலிருந்தும் முன்மொழியலாம். நாடே போட்டியிடுவதால் துணை அதிபர் வழியில் கிடைப்பது அரிது. ஆனாலும் விண்ணப்பிக்கப் பணம் ஏதும் இல்லை, படிவமும் சிறியது. நான்கு கதவுகளையும் தட்டுங்கள். ஒருவரிடம் கேட்டால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் தேவையில்லை. எல்லாரிடமும் கேட்கும்படி அகாடமிகளே சொல்கின்றன. சில மாநிலங்களில் இந்த அலுவலகங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாமினேஷன் என்று பகிர்ந்துகொள்வதும் உண்டு. கிங்ஸ் பாயிண்டுக்கு இடங்கள் மாநிலவாரியாக ஒதுக்கப்படுகின்றன. அதற்குத் துணை அதிபர் முன்மொழிவதில்லை.

படையில் பணிபுரியும் பெற்றோருக்கு ஐந்தாவது கதவு ஒன்று உண்டு. தாயோ தந்தையோ தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் முழுநேரப் படைப்பணியில் இருப்பவராகவோ, படையிலிருந்து ஓய்வு பெற்றவராகவோ இருந்தால், பிள்ளை அதிபர் நாமினேஷனுக்குத் தகுதி பெறுகிறது. ரிசர்வ் படையினருக்குத் தனிக் கணக்கு உண்டு. கிங்ஸ் பாயிண்ட் நீங்கலான மூன்று அகாடமிகளிலும் ஆண்டுக்குத் தலா 100 இடங்கள் வரை இந்த வழியில் நிரப்பப்படுகின்றன. 2009-ல் ஆட்சேர்ப்பு தொடங்கிய மாவ்னி திட்டத்தில், தமிழ் தெரியும் என்ற தகுதியால் அமெரிக்கத் தரைப்படையில் சேர இடமிருந்தது. அப்படிச் சேர்ந்து இன்னும் பணியில் நீடிப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மாளிகைக்கு எழுத வேண்டாம். அகாடமியின் சேர்க்கை அலுவலகத்திடமே இதைக் கேட்க வேண்டும். பணியில் இறந்தவர்கள் அல்லது முழு ஊனமுற்றவர்களின் பிள்ளைகளுக்கும், பள்ளியில் ஜூனியர் ஆர்.ஓ.டி.சி. பயிற்சியில் இருப்பவர்களுக்கும் தனி ஒதுக்கீடுகள் உண்டு.

இடக்கணக்கைப் புரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும். கிங்ஸ் பாயிண்ட் நீங்கலான மூன்று அகாடமிகளில், ஒரு செனட்டரோ சபை உறுப்பினரோ தன் கணக்கில் ஒரே நேரத்தில் ஐந்து மாணவர்களை வைத்திருக்கலாம். படிப்பு நான்கு ஆண்டு என்பதால், ஓர் அகாடமியில் ஆண்டுக்கு ஓர் இடம், சில ஆண்டுகளில் இரண்டு இடம் காலியாகும். அந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் அல்ல, பல பெயர்கள் கொடுக்கலாம். நெடுங்காலம் 10 என்றிருந்த வரம்பு இப்போது 15. பெயர்களை எப்படிக் கொடுப்பது என்பது உறுப்பினரின் விருப்பம். வரிசைப்படுத்தாமல் கொடுத்து, தேர்வை அகாடமியிடம் விட்டுவிடலாம். இவர்தான் முதன்மை என்று ஒருவரைக் குறிப்பிட்டு, மற்றவர்களை மாற்றாக வைக்கலாம். முதன்மையாகக் குறிக்கப்பட்டவர் கல்வி, உடல்தகுதி, மருத்துவம் மூன்றிலும் தேறினால், அவருக்கு அகாடமி இடம் தந்தே ஆக வேண்டும். தன் தொகுதியின் இடத்தை வெல்லாத பிள்ளைக்கும் வாய்ப்பு முடிந்துவிடுவதில்லை. நாமினேஷன் பெற்றுத் தகுதியும் உள்ளவர்களை நாடளாவிய பட்டியல் ஒன்றில் தரவரிசைப்படுத்தி, மிஞ்சும் இடங்களை நிரப்புகிறார்கள். ஆகவே முதல் இலக்கு, ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் வருவது.

உங்கள் தொகுதி எது என்பதைப் பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் வீட்டு முகவரி கொடுத்துப் பாருங்கள். ஜிப் கோடை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிகளில் விழுவது உண்டு, எல்லைகளும் அவ்வப்போது மாறுகின்றன. வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கும் சட்டப்படியான நிரந்தர முகவரிதான் கணக்கு.

குடியுரிமையும் பெயரும்

தமிழ்க் குடும்பங்கள் இடறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான் என்பதால் நின்று சொல்கிறேன். அகாடமியில் சேரும் ஆண்டின் ஜூலை 1-க்குள் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 17 வயது நிறைந்திருக்க வேண்டும், திருமணமாகாதவராகவும் பிறரைப் பராமரிக்கும் சட்டக் கடமை இல்லாதவராகவும் இருக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமைக் கேள்வியே இல்லை. பெற்றோர் இன்னும் எச்-1பி விசாவில் இருந்தாலும் தடையில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்து, கிரீன் கார்டுடன் இங்கே உங்களோடு வாழும் பிள்ளை 18 வயதுக்குள் இருக்கும்போது, தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றுவிட்டால், 2000-ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி பிள்ளையும் தானாகவே குடிமகன் ஆகிவிடுகிறது. ஆனால் கையில் சான்று வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட் எடுங்கள், அல்லது என்-600 படிவம் கொடுத்துக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்குங்கள். சான்றிதழுக்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் பத்தாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.

கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று வயதில் இங்கே வந்து, இந்த மண்ணிலேயே வளர்ந்தும் விண்ணப்பிக்க முடியாமல் போகிறது. மனம் கனக்கும் உண்மை இது. அதை மறைத்துப் பிள்ளையின் நம்பிக்கையை வளர்க்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் கடைசியில், பள்ளியில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே பெயராக என்று நம் பிள்ளைகளுக்கு மூன்று பெயர்கள் இருப்பது சாதாரணம். அகாடமி, நாமினேஷன் அலுவலகங்கள், மருத்துவப் பிரிவு, எஸ்.ஏ.டி. மதிப்பெண் எல்லாம் தனித்தனிக் கோப்புகளிலிருந்து ஒன்றுசேர வேண்டியவை. எழுத்து மாறினால் கோப்பு சேராது. 1839-ல் ஹைரம் யுலிசஸ் கிராண்ட் என்ற பையனை வெஸ்ட் பாயிண்டுக்கு முன்மொழிந்த உறுப்பினர் தாமஸ் ஹேமர், நாமினேஷனில் யுலிசஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட்டார். பையன் திருத்தக் கேட்டும் நடக்கவில்லை. உள்நாட்டுப் போரில் வென்ற தளபதியாகவும் பின்பு அதிபராகவும் அவர் வாழ்ந்தது அந்தத் தவறான பெயரில்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பள்ளிச் சான்றில் வேறாக இருந்தால் பதினொன்றாம் வகுப்புக்குள் மாற்றிவிடுங்கள்.

எப்போது, என்ன?

பதினொன்றாம் வகுப்பின் தை, மாசியில் வேலை தொடங்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் அகாடமிகளின் கோடைப் பயிற்சி முகாம்களுக்கு விண்ணப்பம் திறக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருக்கும் பிள்ளைகளை ஜூன் மாதத்தில் சில நாள் அகாடமியிலேயே தங்கவைத்து, அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்று காட்டுவார்கள். இதில் இடம் கிடைத்தால் அவசியம் அனுப்புங்கள். "இது எனக்கு வேண்டாம்" என்று தெரிந்து திரும்பும் பிள்ளைகளும் உண்டு. அதுவும் பெரிய லாபம். வசந்த காலத்தில் அகாடமிக்கான முதற்கட்டப் படிவத்தை நிரப்பி, விண்ணப்பதாரர் எண்ணைப் பெற வேண்டும். அதே வேளையில் மூன்று உறுப்பினர்களின் இணையதளத்திலும் நாமினேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்கள் செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் வாங்குவதை முடித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தேதி வேறு, படிவம் வேறு, கேட்கும் தாள்கள் வேறு. துணை அதிபருக்கு ஜனவரி 31 வரை நேரம் உண்டு. உறுப்பினர்கள் தங்கள் பட்டியலை அகாடமிகளுக்கு அனுப்பவும் ஜனவரி 31 தான் கெடு.

தாள்கள் என்று பார்த்தால் பள்ளி மதிப்பெண் சான்று, எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. மதிப்பெண், கட்டுரை, செயல்பாடுகளின் பட்டியல், பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள். கடிதம் தருபவர் பிள்ளையைத் தினமும் பார்த்தவராக இருக்கட்டும்: கணக்கு ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர். பொங்கல் விழாவில் மேடையேறியதை மட்டும் பார்த்த சங்கத் தலைவரின் கடிதத்தில் குழுவுக்கு ஒன்றும் கிடைக்காது. கோடை விடுமுறைக்கு முன்பே ஆசிரியர்களிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

செயல்பாடுகளில் அகாடமிகள் தேடுவது தலைமைப் பண்பும் குழுவாக இயங்கும் பழக்கமும். நம் வீடுகளில் பரதநாட்டியமும் ஸ்பெல்லிங் பீயும் வயலினும் நிறைய. குழு விளையாட்டு குறைவு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நீச்சல், ஓட்டம், கால்பந்து என்று ஏதாவது ஒரு பள்ளி அணியில் இருப்பது நல்லது. உடல்தகுதித் தேர்வில் மண்டியிட்டுக் கூடைப்பந்தை எறிவது, புல்-அப், 40 கஜ ஷட்டில் ஓட்டம், புஷ்-அப், ஒரு மைல் ஓட்டம் எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒரு மாதப் பயிற்சியில் தேற முடியாத தேர்வு அது. அதே நேரம், நம்மிடம் இருப்பதைக் குறைவாக எண்ண வேண்டாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு பாடம் எடுத்த பெண், தலைமைக்கு நல்ல சான்று வைத்திருக்கிறாள். எத்தனை பிள்ளைகள், வாரம் எத்தனை மணி, என்ன பொறுப்பு என்று தெளிவாக எழுதட்டும்.

கட்டுரையில், அமெரிக்கா என் பெற்றோருக்கு வாழ்வு தந்தது, நான் திருப்பித் தர விரும்புகிறேன் என்று குடியேறிகளின் பிள்ளைகள் பலரும் எழுதுகிறார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதில் எழுதியவரின் முகம் தெரிவதில்லை. எந்த நாளில், எதைப் பார்த்து இந்த ஆசை வந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று எழுதினால் முகம் தெரியும். பெற்றோர் அந்தக் கட்டுரையைத் திருத்தி மெருகேற்ற வேண்டாம். குழுவில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் பதினேழு வயதினரின் எழுத்தைப் படிப்பவர்கள். நாற்பத்தைந்து வயதுக் கை பட்டால் கண்டுகொள்வார்கள்.

நேர்காணல்

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நேர்காணல்கள் நடக்கும். முன்னாள் படை அதிகாரிகள், அகாடமியில் படித்தவர்கள், கல்வியாளர்கள் என்று சிலர் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் அரைமணிக்கு மேல் போவது அரிது. பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. ஏன் இந்த அகாடமி, ஏன் இந்தப் படை, கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி. வழியாக அதிகாரி ஆகலாமே, ஏன் இங்கே? நண்பன் தேர்வில் காப்பியடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வாய்? இந்த ஆண்டு கிடைக்காவிட்டால்? இப்படிக் கேள்விகள் வரும். காப்பியடிப்பது பற்றிய கேள்வி சும்மா வருவதில்லை. பொய், ஏமாற்று, திருட்டு கூடாது என்பதோடு, அவற்றைச் செய்பவரைச் சகித்துக்கொள்ளவும் கூடாது என்பது வெஸ்ட் பாயிண்டின் மாணவர் நெறி.

நம் பிள்ளைகள் தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு: "இது உன் விருப்பமா, உன் பெற்றோர் விருப்பமா?" வீட்டில் அப்பா மின்னஞ்சல் எழுதி, அம்மா படிவம் நிரப்பி, அலுவலகத்துக்குத் தொலைபேசியும் அவர்களே செய்திருந்தால், இதற்கு உண்மையான பதில் பிள்ளையிடம் இருக்காது. அதனால்தான் முதல் மின்னஞ்சலிலிருந்தே பிள்ளை எழுதட்டும் என்கிறேன். அலுவலகத்தை அழைப்பதும் நன்றிக் கடிதம் எழுதுவதும் பிள்ளையின் வேலை. நீங்கள் காலண்டரில் தேதிகளைக் குறித்து வையுங்கள், பாஸ்போர்ட்டையும் மருத்துவக் கோப்பையும் தேடிக் கொடுங்கள், நேர்காணலுக்குக் காரோட்டிக் கூட்டிச் செல்லுங்கள். அவ்வளவு போதும்.

மருத்துவப் பரிசோதனையில் ஒன்றே ஒன்று: மறைக்காதீர்கள். 13 வயதுக்குப் பின் ஆஸ்துமா இருந்திருந்தால் தகுதி மறுக்கப்படலாம். ஆனால் விலக்கு கேட்க வழி உண்டு, பலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருப்பது மட்டும் பெரும்பாலும் தடையில்லை. இல்லை என்று எழுதிப் பின்னால் மருந்துச் சீட்டு வெளிப்பட்டால், நேர்மையின் பேரில் எல்லாமே போய்விடும்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்

நாமினேஷன் கிடைத்தது என்பது இடம் கிடைத்தது ஆகாது. அகாடமியின் முடிவு வரும்வரை மற்றக் கல்லூரி விண்ணப்பங்களையும் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை விண்ணப்பத்தையும் நிறுத்தவே கூடாது. நாமினேஷனோ அகாடமி இடமோ கிடைக்காத பிள்ளை, ஒரு கல்லூரியில் சேர்ந்து கணக்கும் வேதியியலும் நன்றாகப் படித்து, அடுத்த ஆண்டு மறுபடி கேட்கலாம். இரண்டாம் முறை கேட்டு உள்ளே போனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். பழைய நாமினேஷன் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது; புதிதாக வாங்க வேண்டும்.

கிடைத்துவிட்டால், படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் அரசின் செலவு. மாதச் சம்பளமும் உண்டு. கிங்ஸ் பாயிண்டின் விதிகள் வேறு. மற்ற மூன்றிலும் பட்டம் பெற்றபின் குறைந்தது ஐந்து ஆண்டு முழுநேரப் படைப்பணி கட்டாயம். மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும்வரை அந்தக் கடமை இல்லாமல் விலகலாம். அதற்குப் பிறகு முடியாது. போர் வந்தால் போருக்குப் போக வேண்டிய பணி இது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். இலவசப் படிப்பு என்பதற்காக யாரையும் இதில் தள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டில் இந்த ஆசையைச் சொன்ன பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ இருந்தால், இந்த வாரமே மூன்று அலுவலகங்களின் கடைசித் தேதிகளையும் தன் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.